தண்ணீர்ப்பந்தலில் ஓடிபி கேட்பதில்லை

விமான நிலைய லவுஞ்சில் இலவச வைஃபை கொடுக்க வேண்டுமா என்ற கேள்வியை வாலாஜாபாத்தில் உட்கார்ந்து கேட்டால் சிரிப்புதான் வரும். இங்கே பயணம் என்றால் செங்கல்பட்டு–அரக்கோணம் தடத்தில் வரும் ரயில். இல்லாவிட்டால் ஒரகடம் பக்கம் போகிற பஸ். லவுஞ்ச் என்ற சொல்லுக்கு இங்கே வேலையே இல்லை.

ஆனால் கேள்வி எங்கள் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருக்கிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூரைத் தேர்ந்தெடுத்திருப்பதாக 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். இதே காஞ்சிபுரம் மாவட்டம்தான். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும் என்கிறார்கள். வயலும் ஏரியும் அதில் அடக்கம். ஏகனாபுரத்து மக்கள் அந்த ஆண்டிலிருந்தே போராடி வருகிறார்கள். அந்த நிலத்தில் ஒரு நாள் லவுஞ்ச் எழும்பினால் அதற்குள் யாருக்கு என்ன இலவசமாகக் கிடைக்கும் என்று இப்போதே கேட்டுவைப்பது தப்பில்லை.

முதலில் லவுஞ்சுக்குள் இலவசம் பெறுபவர் யார் என்று பார்ப்போம். நம் ஊரில் பெரும்பாலும் நல்ல வங்கி அட்டை வைத்திருப்பவர். இரண்டு ரூபாய்க்கு அட்டையைத் தேய்த்தால் பல லவுஞ்சுகளில் சோபா, சாப்பாடு, வைஃபை எல்லாம் கிடைத்துவிடும். அவர் கைபேசியில் ஏற்கெனவே டேட்டா இருக்கும். தேவை குறையக் குறைய இலவசம் கூடுகிறது என்பதுதான் அங்கே விதி. லவுஞ்ச் தனியார் வியாபாரம்; அவர்கள் கொடுத்தால் கொடுக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. காத்திருக்கும் மனிதருக்குப் பொது இடம் என்ன கடன்பட்டிருக்கிறது என்பதுதான் என் கேள்வி. அதற்கு விமான நிலையத்தைவிட ரயில் நிலையம் நல்ல உதாரணம்.

2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் கூகுளும் ரெயில்டெல்லும் சேர்ந்து இலவச வைஃபையைத் தொடங்கின. 2018 ஜூனில் அசாமின் திப்ருகர் நானூறாவது நிலையமானது. அதே ஆண்டு எர்ணாகுளத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் கேரள அரசுப் பணித் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறிய செய்தி நாடெங்கும் வந்தது. தலையில் சுமையும் காதில் இயர்போனுமாக, நிலையத்து வைஃபையில் பாடம் கேட்டே படித்திருந்தார். அந்தச் செய்தியைப் பகிராதவர்கள் குறைவு.

2020 பிப்ரவரியில் கூகுள் விலகிக்கொள்வதாக அறிவித்தது. காரணம் எளிமையானது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை சரிந்துவிட்டது. ஐந்தாண்டில் 95 விழுக்காடு குறைந்திருப்பதாக அந்நிறுவனமே சொன்னது. எல்லோர் கையிலும் நெட் இருக்கிறது, இனி நிலையத்தில் எதற்கு? ரெயில்டெல் தன் போக்கில் தொடர்ந்து, இன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் வைஃபை வைத்திருக்கிறது. நாளொன்றுக்கு முதல் முப்பது நிமிடம் இலவசம், அதற்கு மேல் காசு.

இதைப் படித்தபோது எனக்கு ஆபுத்திரன் நினைவுதான் வந்தது. மணிமேகலைக் காப்பியத்தில் மதுரையில் பசித்தவருக்கெல்லாம் அமுதசுரபியால் சோறிட்டவன் அவன். வரம் தர வந்த இந்திரனைப் பார்த்துச் சிரித்துவிட்டான். கோபம் கொண்ட இந்திரன் சாபம் எதுவும் விடவில்லை, மழையைப் பெய்வித்தான். பாண்டிய நாடு செழித்தது. பசி என்று வர ஆளில்லை. கையில் வற்றாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு, 'சாப்பிட யாராவது வருகிறீர்களா' என்று ஆபுத்திரன் அலைய வேண்டியதாயிற்று. கடைசியில் மணிபல்லவத்தில் கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டுவிட்டு உயிர்நீத்தான்.

டேட்டா மழை பெய்தது, பாத்திரத்தைப் பொய்கையில் போட்டுவிட்டார்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லையே. அந்தப் பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வருகிறது. அதை எடுத்துக்கொண்டு அவள் போகும் ஊர்களில் ஒன்று எங்கள் காஞ்சி. மழை பொய்த்துப் பஞ்சத்தில் கிடந்த காஞ்சியில்தான் அவள் சோறு போடுகிறாள். மதுரையில் ஆள் வராததால் உலகத்தில் பசி தீர்ந்துவிட்டது என்று ஆகிவிடாது. பசி வேறு ஊரில் இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் இன்றைய காஞ்சி எங்கே? சில மாதங்களுக்கு முன் வாலாஜாபாத் நிலையத்து நடைமேடையில் ஒரு பையன் என்னிடம் வந்தான். வடக்கத்திப் பையன், ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலையாம். கைபேசியை நீட்டி, "அண்ணா, ஹாட்ஸ்பாட்... அஞ்சு நிமிஷம்" என்றான். ரீசார்ஜ் முடிந்துவிட்டது. ரீசார்ஜ் செய்யக் கணக்கில் பணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை அனுப்பவே நெட் வேண்டும். போட்டுக் கொடுத்தேன். ரீசார்ஜ் ஆனதும் ஊருக்கு வீடியோ கால் போட்டு அம்மாவிடம் பேச ஆரம்பித்துவிட்டான். என் பெயரை அவனும் கேட்கவில்லை, அவன் பெயரை நானும் கேட்கவில்லை.

அவன் ஏன் நிலைய வைஃபையைத் தேடவில்லை? இருக்கும் இடங்களிலும் அது அவனுக்கு உதவியிருக்குமா என்பது சந்தேகம். உள்ளே நுழைய எண்ணைத் தட்ட வேண்டும். அந்த எண்ணுக்கு ஓடிபி வரும். ரீசார்ஜ் முடிந்து சில நாள் போனால் வருகிற குறுஞ்செய்தியும் நின்றுவிடும். அதாவது கையில் நெட் இருப்பவருக்கு இலவச நெட் சுலபமாகக் கிடைக்கும், எதுவும் இல்லாதவருக்கே கதவு திறக்காது. சித்திரை வெயிலில் தண்ணீர்ப்பந்தல் வைத்துவிட்டு, 'உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிற ரசீதைக் காட்டுங்கள்' என்று கேட்பது போல இது.

ஓடிபிக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2008இல் அகமதாபாத் குண்டுவெடிப்புகளை ஒட்டி வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் சம்பந்தமே இல்லாத ஒருவரின் வீட்டு வைஃபை வழியாகப் போயிருந்தது. மறு ஆண்டே பொது வைஃபையில் யார் நுழைகிறார் என்று பதிவு வேண்டும் எனத் தொலைத்தொடர்புத் துறை விதி கொண்டுவந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு யாரும் குண்டு வைக்க முடியாது. நெட் அப்படி இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அடையாளம் கேட்பது வேறு, உயிரோடிருக்கும் சிம்மைக் கேட்பது வேறு. இந்திய எண் இல்லாத வெளிநாட்டுப் பயணிக்காகச் சில விமான நிலையங்களில் ஓர் இயந்திரம் நிற்கிறது. பாஸ்போர்ட்டைக் காட்டினால் வைஃபைக்கான குறியீடு வந்துவிடும். பாஸ்போர்ட் உள்ளவருக்கு வழி கண்டுபிடிக்கத் தெரிந்த நமக்கு, பத்து ரூபாய் டிக்கெட் வைத்திருப்பவருக்கு ஏன் தெரியவில்லை? டிக்கெட் கவுண்டரில் ஏதாவது ஒரு அடையாள அட்டையைப் பார்த்துக் கூப்பன் கொடுத்தால் விதியும் நிற்கும், பையனும் ஊருக்குப் பேசுவான்.

"எல்லாம் ரீல்ஸ் பார்க்கத்தானே சார்" என்பார்கள். தமிழ்நாட்டில் இந்தக் குரல் நமக்குப் புதிதல்ல. இலவச டிவி, மடிக்கணினி எல்லாம் இதைக் கேட்டவைதான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013இல் தீர்ப்பும் வந்தது. சோறு வாங்கியவர் அதைத் தின்றுவிட்டு வேலைக்குப் போகிறாரா, திண்ணையில் படுக்கிறாரா என்று அமுதசுரபி விசாரித்ததாகக் கதையில் இல்லை. லவுஞ்சில் இருப்பவர் என்ன பார்க்கிறார் என்றும் நாம் கேட்பதில்லை. ஏழை கையில் இருக்கும் இலவசத்துக்கு மட்டும் நோக்கம் காட்டச் சொல்வது நியாயமா?

அதற்காக நெட் அமுதசுரபி ஆகிவிடாது. ஒரே இணைப்பில் நூறு பேர் ஏறினால் நூறு பேருக்கும் ஊர்ந்துதான் வரும். அதனால் முப்பது நிமிட வரம்பை நான் குறை சொல்ல மாட்டேன். ரீசார்ஜ் செய்ய, டிக்கெட் எடுக்க, ரயில் எங்கே வருகிறது என்று பார்க்க, நெய்த சேலையோடு காஞ்சிக்குப் போகிறவர் முதலாளிக்கு ஒரு படம் அனுப்ப அது போதும். பங்கிட்டுக் கொடுப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. பந்தலிலும் ஒரு சொம்புதானே தருகிறார்கள்.

'இருபது நிமிடம் நெட் இல்லாமல் சும்மா மரத்தைப் பார்த்துக்கொண்டு இருங்களேன்' என்று நண்பர்கள் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் விரதம் இருப்பவர் வேறு, சோறு இல்லாதவர் வேறு. டிக்கெட்டையும் சம்பளத்தையும் அரசாங்க மனுவையும் ஒவ்வொன்றாகக் கைபேசிக்குள் ஏற்றிவிட்டோம். இனி நெட்டை ஆடம்பரம் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. கேரள உயர் நீதிமன்றம் 2019இல், விடுதியில் கைபேசிக் கட்டுப்பாட்டை எதிர்த்த ஒரு மாணவியின் வழக்கில், இணையம் பெறுவதைக் கல்வி உரிமையின் பகுதியாகவே பார்த்தது.

பரந்தூருக்கே வருகிறேன். அங்கே நிலத்தைக் கேட்பது பொது நோக்கம் என்ற பெயரில். விமான நிலையம் வேண்டுமா, அங்கேதான் வேண்டுமா என்ற வாதத்தில் நான் ஏகனாபுரத்தின் பக்கம். ஒருவேளை அது வந்தேவிட்டால், அந்தப் 'பொது' என்ற சொல்லுக்கு வாசற்படியிலேயே ஒரு சோதனை வைக்கலாம். துபாய்க்கு முதன்முறையாக வேலைக்குப் போகும் மகனை வழியனுப்ப வந்து, உள்ளே போக டிக்கெட் இல்லாமல் வெளியே நிற்கும் தகப்பனார் இருப்பார். நிலத்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே துடைப்பம் பிடிக்கும் அம்மா இருப்பார். அட்டை தேய்க்காமல், ரீசார்ஜ் இல்லாமல், அவர்களுக்கு அந்த முப்பது நிமிடம் கிடைக்கிறதா? லவுஞ்சுக்குள் எவ்வளவு வேகம் என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.