சட்டை சொன்ன சாட்சியம்

தாம்பரத்தையும் பல்லாவரத்தையும் சூழ்ந்துள்ள கல்லூரிகளில் தடயவியல் இன்று பட்டப்படிப்பாகிவிட்டது. நம் பிள்ளைகளும் அதில் சேர விழைகின்றனர். பெற்றோரோ, "மய்யித்தை அறுக்கும் தொழில் நம் குடும்பத்துக்கு ஆகுமா?" எனத் தயங்குகின்றனர். அத்தயக்கத்தை அலட்சியம் செய்தல் முறையன்று. இறந்தோரின் எலும்பை முறிப்பது உயிருள்ளோரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என்பது நபிமொழியின் கருத்தன்றோ!

முதலில் ஒன்றைத் தெளிதல் வேண்டும். குரோம்பேட்டை அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் பிரேதப் பரிசோதனை செய்பவர் மருத்துவர். தடயவியல் பயின்றோர் ஆராய்வன இரத்தக் கறை, நூலிழை, நஞ்சு, மை, விரல்ரேகை போன்றவையே. நஞ்சைக் கண்டறியும் இரசாயனப் பரிசோதகர் பணி சென்னையில் 1849ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது.

எனினும் மய்யித்தின் கண்ணியம் பற்றிய வினா எஞ்சவே செய்கிறது. கொலையுண்டவனுக்குத் தன் வழக்கைத் தானே எடுத்துரைக்க நாவில்லை. அவன் உடலை அடக்கம் செய்வது கண்ணியமெனில், அவன் உரிமையையும் உடன் புதைப்பது கண்ணியமாகுமா? தேவையின் அளவோடு நிற்றல், மறைவிடம் பேணல், தாமதமின்றி உறவினரிடம் ஒப்படைத்தல் என்னும் வரம்புகளுக்குள் அப்பரிசோதனையை அனுமதித்த மார்க்க அறிஞர் பலர்.

"சாட்சியின் நாவே சான்று, கறை சான்றாகுமா?" என்பாரும் உளர். சூரா யூசுபில் இதற்கு விடை உண்டு. சட்டை பின்புறம் கிழிந்திருந்ததால் யூசுபு நபி (அலை) அவர்களின் தூய்மை துலங்கிற்று. உண்மையைத் துலங்கச் செய்யும் எதுவும் சான்றே என இமாம் இப்னுல் கைய்யிம் விளக்கினார். கல்கத்தாவில் 1897இல் விரல்ரேகைப் பணியகம் அமைந்தபோது, ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்தோர் வங்கத்துக் காஜி அஜீஸுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும் ஆவர்; பெயர் மட்டும் அவர்தம் மேலதிகாரி ஹென்றிக்குப் போயிற்று.

ஆயினும் அதே சூராவில் இன்னொரு சட்டையும் வருகிறது. தமையன்மார் பொய் இரத்தம் தோய்த்துத் தந்தையிடம் கொணர்ந்த சட்டை அது. ஓநாய் தின்றதெனில் கிழிசல் எங்கே என யஃகூபு நபி (அலை) ஐயுற்றதாக விரிவுரையாளர் உரைப்பர். ஆகத் தடயமும் பொய் சொல்லும். பொய் சொல்ல வைக்கவும்படும். அதனைக் காணும் கண்ணுக்கு அறிவோடு இறையச்சமும் வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நிகழ்விடம் செல்லவேண்டும் என்கிறது. மாநிலங்கள் அதனை நிறைவேற்ற ஐந்தாண்டு அவகாசமும் தருகிறது. ஒருவன் சிறை செல்வதும் வீடு திரும்புவதும் ஆய்வறையில் எழுதப்படும் ஒரு வரியைப் பொறுத்து அமையும் காலம் இது. காவலர் விரும்பினும், கண்ணீர் வடிக்கும் உறவினர் வேண்டினும், உண்மை புலப்படாதவிடத்து "தீர்மானிக்க இயலவில்லை" என்றெழுத அஞ்சாதவரே இப்பணிக்குத் தகுதியுடையார். ஐயமுள்ள இடத்தில் தண்டனையைத் தவிர்க்கச் சொல்லும் ஷரீஅத்தின் நெறிக்கு இசைந்ததும் இதுவே.

எனவே பிள்ளைகளை அனுப்பத் தயங்க வேண்டா. கல்லூரி வேதியியலைக் கற்பிக்கும். அமானிதத்தை வீட்டிலேயே நாம் கற்பித்து அனுப்புவோமாக. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.