பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு சிறு நூல் கொண்டுவந்தோம். ராசிபுரம் பக்கத்துச் சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரிப்பவர்கள், பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுபவர்கள், சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர்கள் என 22 பெண்கள் தங்கள் வாழ்க்கையைச் சொன்னதன் பதிவு அது. அதை ஆங்கிலத்தில் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு வந்தது. தறிச் சொற்களையும் பட்டறைச் சொற்களையும் நினைத்துத்தான் பயந்தேன். ஆனால் நான் தடுக்கி விழுந்தது பெயர்ப் பட்டியலில்.

நம் வழக்கம் நமக்குத் தெரியும். எழுத்து முன்னால், பெயர் பின்னால். கல்யாணத்துக்கு முன் அது அப்பாவின் எழுத்து. பிறகு பெரும்பாலும் கணவரின் எழுத்து. ஆங்கில நூலின் கடைசியில் வரும் பெயர் அடைவோ குடும்பப் பெயரை முதலில் கேட்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் எல்லோருக்கும் ஒரே விதி வைத்தேன். அவரவர் பெயரை முன்னால் போட்டு, எழுத்தை முழுப் பெயராக விரித்துப் பின்னால் சேர்த்தேன். அடைவை அந்தப் பின்பெயரின் வரிசையில் அடுக்கினேன். பார்க்க ஒழுங்காகவே இருந்தது.

சேகோ ஆலையில் வேலை செய்த பாட்டிக்கு, கல்லூரியில் படிக்கும் பேத்தி அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த முறை நான் போனபோது பாட்டி உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ஏனம்மிணி, கைக்கொழந்தையோட என்னைய உட்டுப்போட்டுப் போனவன் பேரை எதுக்கு எம்பேருக்குப் பின்னால கோத்து உட்ட?"

"ரேசன் கார்டுல அந்த எழுத்துதானே பாட்டி இருக்குது?"

"அதுல எழுத்துதான் இருக்குது. நீ ஆளையே கொண்டாந்து நிறுத்திப்போட்ட."

எனக்குப் பதில் இல்லை. மறு அச்சில் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். இந்த முறை பெண்ணியவாதியாகவே முடிவெடுத்தேன்: எந்தப் பெண்ணுக்கும் எந்த ஆணின் எழுத்தும் வேண்டாம். 22 பெயர்களும் எழுத்தில்லாமல் அச்சாயின. நிம்மதியாக இருந்தது. பள்ளிபாளையத்துத் தறிக்கார அக்கா போன் செய்யும் வரைக்கும்.

"அவரு போயிப் பன்னண்டு வருசமாச்சுங்க. அந்த ஒரு எழுத்துதான் எங்கூட இருந்துச்சு. அதையும் எடுத்துட்டீங்களே."

முதல் விதி ஆண்வழி மரபு சொன்ன விதி. இரண்டாவது, அதை எதிர்க்கும் நான் சொன்ன விதி. இரண்டிலும் அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை.

ஒரு பெயரை எந்த வரிசையில் எழுதுவது என்பது அச்சுக்கூடத்துச் சின்ன விஷயம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நாடுகள் அப்படி நினைப்பதில்லை. ஜப்பானில் குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பிறகு. ஆனால் மெய்ஜி காலத்திலிருந்து, மேற்கத்திய மொழிகளில் எழுதும்போது அதைத் திருப்பிப் போடும் பழக்கம் வந்தது. 2019இல் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் தாரோ கோனோ ஒரு கேள்வி எழுப்பினார். சீனாவின் சி ஜின்பிங் பெயரையும் கொரியாவின் மூன் ஜே-இன் பெயரையும் அவர்கள் வரிசையிலேயே எழுதும் வெளிநாட்டு ஊடகங்கள், ஆபே ஷின்சோவை மட்டும் ஏன் ஷின்சோ ஆபே ஆக்குகின்றன? 2020 ஜனவரி 1 முதல் ஜப்பான் அரசின் ஆவணங்கள் ஆங்கில எழுத்திலும் குடும்பப் பெயரையே முதலில் வைக்கின்றன. நியாயமான கோரிக்கை. தன் பெயரைத் தன் வரிசையில் எழுதக் கேட்பது ஒரு மரியாதை.

ஆனால் அதே ஜப்பானின் சிவில் சட்டம் 750ஆவது பிரிவில், கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயர் வைத்திருக்க வேண்டும் என்கிறது. யாருடையது என்று அது சொல்லவில்லை. ஆனால் ஏறக்குறைய 95 விழுக்காடு தம்பதிகள் கணவருடையதையே எடுக்கிறார்கள். இதை எதிர்த்துப் பெண்கள் போன வழக்குகளில் 2015லும் 2021லும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஒரு நாடு உலகத்திடம் தன் பெயர் வரிசைக்கு மரியாதை கேட்கிறது. அந்த வரிசையின் முதலிடத்தில் இருக்கும் பெயர் தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று கேட்ட பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. எது முன்னால் என்ற கேள்விக்கு அடியில், யாருடையது என்ற கேள்வி எப்போதும் இருக்கிறது.

நம் கதை வேறு மாதிரி. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமான மாநாடு எங்கள் சேலத்தில்தான் நடந்தது. அங்கும் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கச் சொல்லித் தீர்மானம் வந்தது. இன்று நம் பெயரைப் பார்த்துச் சாதி சொல்ல முடியாதிருப்பது அந்த உழைப்பின் பலன். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சாதி இறங்கிய இடத்தில் அப்பா மட்டும் எழுத்தாக உட்கார்ந்திருந்தார். பெண்களுக்கு அவரும் நிலையில்லை, கல்யாணத்தோடு ஆள் மாறினார்.

அந்த எழுத்து ஊரைத் தாண்டினால் என்னவாகும் என்பதற்கு விசுவநாதன் ஆனந்த் நல்ல உதாரணம். ஆனந்த் அவர் பெயர், விசுவநாதன் அப்பா பெயர். சதுரங்க உலகம் அவரைச் செல்லமாக 'விஷி' என்று அழைக்கிறது. அவர் விஷயத்தில் அது சுவையான கதை. ராசிபுரத்துப் பாட்டி விஷயத்தில் அப்படி இல்லை.

நாமக்கல் லாரிகளின் நெற்றியில் மகள்களின் பெயர் எழுத்தில்லாமல் நாடெங்கும் போய்வருகிறது. மகள் போவதென்றால் அப்படி முடியாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை என்றது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது.

சட்டத்திலும் இந்த முன்பின் உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம், குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, 'அவருக்குப் பின்' தாய் என்றது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1999இல் உச்ச நீதிமன்றம், அந்தப் 'பின்' என்பதற்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளில்லை, அவர் பொறுப்பில் இல்லாத நிலையையும் குறிக்கும் என்று விளக்கியது. 2016 இறுதியில் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குப் பெற்றோரில் ஒருவர் பெயரே போதும் என்று விதி தளர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒருத்தி வாசல் வாசலாக ஏற வேண்டியிருந்தது.

மூன்றாம் அச்சுக்கு முன் 22 பேரையும் மறுபடி பார்த்தேன். "உங்க பேர எப்படிப் போடட்டும்?" என்ற ஒரே கேள்வி. ஒவ்வொருவர் சொன்னதும் ஒவ்வொரு மாதிரி. ஒரு பெண் மட்டும், வெளிநாட்டில் இருக்கும் மகன் போட்டுக்கொண்டதுபோலத் தனக்கும் சாதிப் பெயரைச் சேர்க்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். கேட்டுவிட்டு மறுப்பது சரியா என்று இன்றும் யோசிக்கிறேன். அப்பா பெயரோ கணவர் பெயரோ அவருடைய வாழ்வைப் பற்றிய செய்தி. சாதிப் பெயர் அடுத்த பக்கத்தில் இருக்கும் பெண்ணையும் ஓரிடத்தில் நிறுத்தி வைக்கிறது. அந்தப் பெண்ணையும் கேட்காமல் அதை அச்சிட முடியாது என்பதுதான் என் நியாயம். அவர் கோபித்துக்கொண்டார், எழுத்தில்லாமல் போடச் சம்மதித்தார்.

அவர்கள் சொன்னதெல்லாம் சுதந்திரமாகச் சொன்னதா? முழுக்க இல்லை. ஆதாரில் ஓர் எழுத்தும் வங்கியில் ஓர் எழுத்தும் இருந்தால் பணம் நின்றுவிடுமோ என்று பயந்தவர்கள் பலர். அந்தப் பயத்தைப் போக்க என்னால் முடியாது. இது ரேசன் கார்டு இல்லை, இங்கே விருப்பப்படி சொல்லலாம் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அடைவை அவரவர் சொந்தப் பெயரின் வரிசையில் அடுக்கினேன். தறிக்கார அக்காவின் எழுத்து திரும்ப வந்தது. பாட்டி முதலில் எதுவும் வேண்டாம் என்றார். இரண்டு நாள் கழித்துப் பேத்தியின் போனில் கூப்பிட்டு, தன் அம்மாவின் எழுத்தைப் போடச் சொன்னார். என்ன பெயர் என்று கேட்டேன். சொன்னார். பக்கத்திலிருந்த பேத்தி, "அப்பத்தா, உங்கம்மா பேரு இதுவா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.