போனவர்களை நினைப்பது யாருக்காக?

கேரளத்தின் சேந்தமங்கலத்திலும் பரவூரிலும் இருந்த யூதத் தொழுகைக்கூடங்கள் இன்று அருங்காட்சியகங்கள். அங்கே தொழுதவர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். வழிபட ஆளில்லாத கூடத்தை ஓடு மாற்றி, மரவேலை புதுக்கிக் காப்பது யாருக்காக? போனவர்களைவிட இங்கே இருக்கும் நமக்குத்தான் அது தேவை என்பது என் உறுதியான எண்ணம். வந்தவர்களை எப்படி வாழவைத்தோம், எங்கே தவறினோம் என்று ஓர் ஊர் அறிந்துகொள்ள இதைவிட நேரான வழி இல்லை.

ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவி, யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் செப்பேடு வழங்கினான். நம் வட்டெழுத்தில் பொறித்த அந்த ஏடு பகல்விளக்கு, பல்லக்கு, குடை முதலான உரிமைகளைத் தந்து, வரியிலிருந்தும் விலக்கு அளிக்கிறது. மன்னன் வெறும் இரக்கம் காட்டவில்லை. வந்தவரின் தகுதியை ஊரறியச் சாசனமாக்கினான். சேந்தமங்கலக் கூடத்தின் முன் நிற்கும் சாரா என்ற பெண்ணின் கல்லறைக்கல் 1269ஆம் ஆண்டினது. அவ்வளவு காலம் யூதர்கள் கேரளத்தில் வேரூன்றியிருந்தார்கள். சென்னையிலோ நிலைமை வேறு. 1688இல் மதராஸ் மாநகராட்சி அமைந்தபோது ஆல்டர்மேன்கள் எனப்பட்ட அதன் மூத்த உறுப்பினர்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். அவர்கள் செய்த பவள வாணிகத்தின் சுவடாகப் பவளக்காரத் தெருவும், லாயிட்ஸ் சாலையில் சிறு கல்லறைத் தோட்டமும் எஞ்சியிருக்கின்றன. அந்தத் தெருவில் நடப்பவருக்கு அந்த வரலாற்றைச் சொல்ல ஒரு கூடம் இல்லை.

இப்படிப்பட்ட நினைவகம் நம்மை நாமே மெச்சிக்கொள்ளும் இடமாகிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான அச்சம். அதனால்தான் முழுக்கதையும் சொல்லப்பட வேண்டும். மட்டாஞ்சேரியின் பரதேசி தொழுகைக்கூடத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்குச் சம இடம் மறுக்கப்பட்டது. அதை எதிர்த்து ஏ. பி. சேலம் என்ற வழக்கறிஞர் காந்திய வழியில் போராடினார். நம் மண்ணின் சாதி அடுக்கு, வந்து குடியேறியவர்களுக்குள்ளும் புகுந்த கதை அது. அதை மறைக்கும் அருங்காட்சியகம் பொய் சொல்கிறது. ஐரோப்பாவில் 60 லட்சம் யூதர் கொல்லப்பட்டதை நினைப்பதுதானே அவசரம், கொலை நடக்காத ஊரில் நினைவகம் எதற்கு என்றும் கேட்பார்கள். வெறுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பேரழிவின் நினைவகங்கள் காட்டுகின்றன. அந்த வெறுப்பு வளராதபடி அன்றாடம் எப்படி வாழ்வது என்பதைச் சேந்தமங்கலம் போன்ற இடங்கள் காட்டுகின்றன. எச்சரிக்கை மட்டும் போதாது. பழகிப்பார்த்த முன்மாதிரியும் வேண்டும்.

சென்னையை அடுத்த நம் படப்பை வட்டாரத்துக்கு இது தொலைதூரக் கதை அல்ல. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள ஆலைகளை நம்பி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். கொரியர்களும் குடும்பத்தோடு இருக்கிறார்கள். வேலை முடிந்தால் போய்விடுவார்கள், அவர்களுக்கு உரிமை எதற்கு என்ற பேச்சு எளிதில் வருகிறது. கேரளத்து யூதர்களும் கடைசியில் போனவர்கள்தான்; அதனால் அவர்கள் அங்கே வாழ்ந்த நூற்றாண்டுகள் கணக்கில் இல்லாமல் போய்விடவில்லை. தங்கும் காலத்தைக் கொண்டு மனிதரின் மதிப்பை அளக்கக் கூடாது. நியாயமான வாடகை, ஒழுங்கான கூலிச்சீட்டு, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் ஆகியவற்றை இன்றே உறுதிசெய்வதுதான் இந்தக் காலத்துக்கான செப்பேடு. அதை எழுதும் பொறுப்பு அரசனிடமிருந்து நம் ஊராட்சிகளுக்கும் ஆலைகளுக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.