முன் வைத்த கால்

"முன் வைத்த காலைப் பின் வைக்காதே" என்ற பழமொழியை நம் வீடுகளில் மிகத் தாராளமாகச் செலவழிக்கிறோம். இருந்த வேலையை விட்டுவிட்டு விழிக்கிறவனிடம் சொல்கிறோம். நிச்சயதார்த்தம் முடிந்த பின் கலங்கி நிற்கும் பெண்ணிடம் சொல்கிறோம். ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறுவதற்கு எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு, மாற்றுச் சான்றிதழ் கைக்கு வருகிற சமயத்தில், "போகத்தான் வேண்டுமா?" என்று தயங்குகிற பிள்ளைகளிடமும் சொல்கிறோம். கேட்கும்போதே போர்க்களத்து வாடை வீசுகிற வாக்கு இது. அங்கே பின்வாங்குகிறவன் தன்னை மட்டும் காட்டிக் கொடுப்பதில்லை. பக்கத்தில் நிற்கிறவனையும் சேர்த்தே காட்டிக் கொடுக்கிறான். ஆனால், கையில் ஒரு காகிதத்தோடு கல்லூரி அலுவலக வாசலில் நிற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையை எந்தப் படையில் சேர்ப்பது?

பழமொழி பலிக்காவிட்டால் திருவள்ளுவரைத் துணைக்கு அழைப்பார்கள். எண்ணிப் பார்த்த பிறகே ஒரு செயலில் இறங்க வேண்டும், இறங்கிய பின் எண்ணிக்கொள்ளலாம் என்று இருப்பது குற்றம் என்று தெரிந்து செயல்வகை அதிகாரத்தில் அவர் சொல்லியிருப்பது உண்மைதான். அந்த அதிகாரம் பொருட்பாலில், அரசனுக்குச் சொன்ன பகுதியில் இருக்கிறது. அரசனுக்கு அமைச்சர் உண்டு; ஒற்றர் உண்டு. பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு என்ன உண்டு? கல்லூரியின் விளம்பரமும், அடுத்த வீட்டு மாமியின் அபிப்பிராயமும்! அது போகட்டும். வள்ளுவர் கண்டிப்பது, யோசிக்க வேண்டிய வேளையில் யோசிக்காமல் அதைத் தள்ளிப் போடுகிறவனை. ஒரு முறை யோசித்துவிட்டு மறுபடியும் யோசிக்கிறவனை அவர் கண்டித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மறுபடியும் யோசிப்பது ஏன் அந்தக் கடைசி நேரத்தில் வந்து தொலைக்கிறது? கல்லூரி மாறுவது ஒரு நாளில் நடந்துவிடுகிற காரியம் அல்ல. போகிற இடத்தில் காலியிடம் இருக்க வேண்டும். இரண்டு கல்லூரி முதல்வர்களும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். பல்கலைக்கழகம் சம்மதிக்க வேண்டும். பாடத்திட்டம் வேறாக இருந்தால் விட்டுப்போன பாடங்களைத் தனியாக எழுதித் தேற வேண்டும். இத்தனை அலைச்சலும் நடக்கிற வரையில் மனத்துக்கு வேலை இருக்கிறது. தடை இருக்கும்வரை ஆசைக்கும் பலம் இருக்கிறது. கடைசிக் கையெழுத்து விழுந்து, இனி யாரும் தடுக்கப் போவதில்லை என்றானதும், அதுவரை வாசலிலேயே நின்றிருந்த சந்தேகம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இருக்கிற கல்லூரியை அதன் குறைகளால் அறிந்திருக்கிறோம். போகிற கல்லூரியை அதன் பெயரால் அறிந்திருக்கிறோம். தண்ணீர் வராத குழாயும், பழைய குறிப்பேட்டைப் பார்த்தே பாடம் ஒப்பிக்கும் ஆசிரியரும் ஒரு தட்டில். பட்டணத்துக் கல்லூரியின் சிவப்புக் கட்டடமும் அங்கே படித்துப் பெரிய மனிதர்களானவர்களின் பட்டியலும் மறு தட்டில். முதல் முடிவு அந்தத் தராசில் எடுத்த முடிவு. விட்டுப் போகிறோம் என்றானதும் தராசு திரும்பிக்கொள்கிறது. மரத்தடியில் பங்கு போட்டுத் தின்ற புளிசாதம் நினைவுக்கு வருகிறது. பட்டணத்தில் விடுதி அறையில் யார் இருப்பார்களோ என்ற பயம் வருகிறது. ஆகவே இரண்டாவது யோசனை, முதல் யோசனைக்குத் தெரியாத சிலவற்றைத் தெரிந்துகொண்டுதான் வருகிறது. அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால், பின்னால் வந்தது என்பதற்காகவே அதற்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் வந்துவிடுமா? வாடகை வீட்டைக் காலி செய்கிற நாளில் அதன் ஒழுகுகிற கூரையைப் பார்த்துக் கண் கலங்காதவர் யார்?

மனிதர்கள் மனம் மாறுவார்கள் என்பதைச் சர்க்கார் ஒப்புக்கொண்டு விலையும் குறித்து வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சேர்ந்த மாணவர் விலகினால், சேர்க்கைக்குக் குறித்த கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக இருந்தால் கட்டணம் முழுவதும் திரும்பும். அதற்குப் பிந்தி, கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். தேதி கழிந்து 15 நாளுக்குள் 80 சதவீதம். அதற்கும் பிறகு 30 நாளுக்குள் 50 சதவீதம். அப்புறம் ஒன்றும் இல்லை. மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ஒரு விதத் திருப்தி ஏற்பட்டது. மனம் மாறுவது பாவம் என்று அது சொல்லவில்லை. தாமதமானால் நஷ்டம் கூடும் என்று மட்டும் சொல்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களைவிட இந்த அட்டவணைக்கு நிதானம் அதிகம்.

கணக்கு என்றதும் கும்பகோணத்துக் கணித மேதையின் நினைவு வருகிறது. ராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறு எதையும் அவர் மனம் ஏற்கவில்லை. உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் போனார். 1906-இல் சென்னை வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் கணிதத்தில் எல்லாரையும் அதிசயிக்க வைத்தார். மற்றப் பாடங்களில் தேறவில்லை. 1907-இல் எஃப். ஏ. பரீட்சையில் தோற்றதோடு கல்லூரிப் படிப்பு முடிந்தது. காவிரிக் கரையில் இருந்த கஷ்டம் அப்படியே சென்னைக்கும் வந்து சேர்ந்தது. ஏனென்றால் அது கல்லூரியில் இல்லை, அவரிடம் இருந்தது. அதைக் குறை என்று யார் சொல்ல முடியும்? ஆனாலும், கல்லூரியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள், தங்களோடு பெட்டியில் என்னென்ன வருகிறது என்று திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

அதே ராமானுஜன் பிற்பாடு ஒரு முறை மனம் மாறினார். 1913-இல் கேம்பிரிட்ஜுக்கு வரும்படி அழைப்பு வந்தபோது முதலில் மறுத்தார். கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம். தாயாருக்கும் சம்மதம் இல்லை. 1914-இன் தொடக்கத்தில் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த நெவில் சென்னைக்கு வந்து சந்தித்தபோது, அந்த மறுப்பு சம்மதமாகியிருந்தது. மார்ச் 17-ஆம் தேதி கப்பல் ஏறினார். 1918-இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினர் ஆனார். 1919-இல் உடல் நலிந்து திரும்பினார். 1920 ஏப்ரல் 26-இல், முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். இப்போது சொல்லுங்கள், அந்த இரண்டாவது யோசனை சரியா, தவறா? உலகத்தைக் கேட்டால் ஒரு பதில் வரும். பெற்றவளைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம். விளைவைக் கொண்டு முடிவை அளப்பது எவ்வளவு குழப்பமான அளவை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 1914 மார்ச்சில் அவருக்கு விளைவு தெரியாது. தெரிந்ததெல்லாம், தாம் கண்டதைப் புரிந்துகொள்ளக்கூடிய மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதுதான்.

காந்தியடிகளின் கதை வேறு விதம். 1888-இல் பாவநகரில் சாமள்தாஸ் கல்லூரியில் சேர்ந்து, ஒரு பருவம் முடிந்ததும் பாடம் ஏறவில்லை என்று வீடு திரும்பினார். அதே ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி லண்டனுக்குக் கப்பல் ஏறினார். போன புதிதில் இரவெல்லாம் வீட்டை நினைத்து அழுததையும், அங்கே இருக்கவும் பிடிக்காமல் திரும்பவும் முடியாமல் தவித்ததையும் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வந்தாகிவிட்டது, மூன்று ஆண்டையும் முடித்துவிட வேண்டியதுதான் என்று தம்மைத் தேற்றிக்கொண்டார். பாவநகரில் திரும்பியவர் லண்டனில் திரும்பவில்லை. ஒரே வருஷத்தில், ஒரே இளைஞர்! வருந்தத்தக்க செயலைச் செய்யாதே, செய்துவிட்டால் அப்படிச் செய்யாதிருப்பது நன்று என்று ஒரு குறள் உண்டு. அந்த 'அப்படி' என்பதற்கு, அதே போன்ற செயலை மறுபடி செய்யாதே என்று பொருள் கொள்வோர் உண்டு. பரிமேலழகரோ, பின்னால் உட்கார்ந்து வருந்திக்கொண்டிராதே என்று பொருள் சொல்கிறார். லண்டன் அறையில் அழுத பையனுக்குப் பரிமேலழகரின் உரைதான் உதவியிருக்கும்.

சென்ற வருஷம் தஞ்சைப் பக்கத்திலிருந்து ஒரு சிநேகிதர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அருகில் உள்ள ஊரில் பி.எஸ்ஸி. ரசாயனம், முதல் வருஷம் முடித்திருந்தாள். சென்னையில் பெயர் பெற்ற கல்லூரி ஒன்றில் இரண்டாம் வருஷத்தில் இடம் கிடைத்துவிட்டது. விடுதிக்கு முன்பணம் கட்டியாயிற்று. ஊரெல்லாம் சொல்லியாயிற்று. இப்போது பெண் சாப்பிட மாட்டேன் என்கிறாள், தூங்க மாட்டேன் என்கிறாள்.

"அண்ணா, நீங்களாவது சொல்லுங்கள். நேற்று வரைக்கும் குதித்தாள். இன்றைக்கு வேண்டாம் என்கிறாள். நான் யார் முகத்தில் விழிப்பது?" என்றார் அவர்.

அவரைக் காப்பி சாப்பிட உள்ளே அனுப்பிவிட்டு, "அம்மா, நீ விண்ணப்பம் போட்டது ஒருவருக்குமே தெரியாது என்று வைத்துக்கொள். போனாலும் தெரியாது, போகாவிட்டாலும் தெரியாது. அப்போது என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

இருந்துவிடுவேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன். சற்று நேரம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தவள், "போய்விடுவேன் பெரியப்பா" என்றாள்.

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்பாவுக்கு, போகாவிட்டால் ஊர் சிரிக்கும் என்ற வெட்கம். பெண்ணுக்கு, போய் அங்கே இங்கிலீஷ் பேச வராமல் விழித்தால் ஊர் சிரிக்கும் என்ற வெட்கம். இரண்டு பேரும் ஒரே ஊருக்குப் பயந்துகொண்டு எதிரெதிராக நின்றார்கள். இரண்டாவது யோசனை என்றால் அது மனச்சாட்சியின் குரல்தான் என்று நம்புகிற கதாசிரியர்கள் உண்டு. நானும் கதை எழுதுகிறவன்தான். ஆனால் பயத்துக்கும் மிக இனிமையான குரல் உண்டு என்பதை மறப்பதற்கில்லை.

"அப்படியானால் அழுகை எதற்கு?" என்றேன்.

அப்போதுதான் அது வெளியே வந்தது. அதே தெருவில் ஒரு பெண். இவளோடு அதே வகுப்பு. அவள் வீட்டில் தனியாகப் பஸ்ஸில் அனுப்பச் சம்மதிக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சேர்ந்து வருவார்கள் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் கல்லூரியில் சேர்த்தார்கள். 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்றார்கள். மிகவும் நல்ல காரியம். ஆனால் துணைக்கு ஆள் இலவசமாகக் கிடைப்பதில்லை. இவள் போய்விட்டால் அந்தப் பெண்ணின் படிப்பு ஒரு வருஷத்தோடு நின்றாலும் நிற்கும். மூன்று மாதமாக விண்ணப்பம், கையெழுத்து என்று அலைந்தபோது ஒருவருக்கும் இது தோன்றவில்லை. இவளுக்குத் தோன்றியிருக்கிறது, சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒருத்தியின் படிப்புக்காக இன்னொருத்தி தன் படிப்பைக் குறுக்கிக்கொள்ள வேண்டுமா? தியாகம், தியாகம் என்று நாம் எழுதி எழுதிப் பெண்களைக் கெடுத்தது போதும் என்பது என் கட்சி. இருந்துவிடு என்று அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழாது. மூன்று வருஷமும் துணைக்குப் போய்விட்டு, பிறகு ஆயுள் முழுதும் அந்தச் சிநேகிதியைப் பார்க்கும்போதெல்லாம் சென்னையை நினைத்துக்கொள்ளும் வாழ்வு இருவருக்குமே நல்லதல்ல. ஆனால், உன் வாழ்வு உனக்கு, அவள் வாழ்வு அவளுக்கு, பெட்டியைக் கட்டு என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஒரு வருஷம் தினந்தோறும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவளுக்கு இவள் எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுக்காத வாக்கும் சில சமயம் வாக்குத்தான். போவதா, இருப்பதா என்றே கேட்டுக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடையாது. போவதற்கு முன் செய்ய வேண்டியது எதையாவது விட்டுவிட்டேனா என்று கேட்டால் விடை உண்டு. அவளுடைய தூக்கத்தைக் கெடுத்தது அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். கல்லூரியின் பெயரை அது போர்த்திக்கொண்டு வந்திருந்தது.

"சான்றிதழ் வாங்குவதற்கு இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டேன்.

"ஆறு நாள்."

"அவள் அம்மாவிடம் யார் போய்ப் பேசப் போகிறீர்கள்?"

காப்பி முடித்துவிட்டு வந்த சிநேகிதர், "அவர்கள் வீட்டு விஷயத்தில் நாம் எப்படித் தலையிடுவது, அண்ணா?" என்று தயங்கினார். "தலையிட்டு ஒரு வருஷம் ஆயிற்று, உங்களுக்குத் தெரியாமலே" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

தகப்பனும் மகளுமாக மூன்று முறை அந்த வீட்டுக்குப் போனார்களாம். முதல் முறை அந்த அம்மாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் முறை, தேர்வு வரைக்கும் பார்க்கலாம் என்றாளாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. அந்தப் பெண் இப்போது எட்டு மணி பஸ்ஸில் தனியாகத்தான் போகிறாள்; அடுத்த ஊரில் ஏறும் ஒரு பள்ளி ஆசிரியைக்கு இடம் பிடித்து வைக்கிறாளாம். இவள் சென்னையில் இருக்கிறாள். விடுதிச் சாம்பார் வாயில் வைக்க வழியில்லை என்று தகப்பனாரிடம் போனில் புலம்புகிறாளாம்.