எரிந்த வீடும் ஏற்ற விலையும்

உணவும் உடையும் போலவே உறைவிடமும் மனிதனுக்கு இன்றியமையாதது. ஆயினும் உழைத்துண்ணும் மக்களுக்கு அஃது எளிதிற் கிட்டுவதில்லை. தோட்டத்து லயத்திற் பிறந்து, பால்மரத்தையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்து, பின்னர்ப் பட்டணத்தின் ஓரத்தில் வாடகைக்குக் குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உள. அவை சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளுக்கு நல்ல நிலையிலுள்ள வீடு அகப்படுவதில்லை. அந்நிலையில், தீயிற் பாதி வெந்த வரிசை வீடொன்று குறைந்த விலைக்கு வருமாயின் அதனை வாங்கலாமா என்னும் வினா எழுகின்றது. இது வெறும் பணக் கணக்கன்று, அறக் கணக்குமாகும்.

இவ்வினாவிற்கு இருவகை விடை கூறுவர். ‘தீ தின்ற வீடு ராசியற்றது, அதனுள் அடியெடுத்து வைக்கலாகாது’ என்பர் ஒருசாரார். ‘வந்த வாய்ப்பை விடாதே, விற்பவன் திண்டாடுகின்றான், இன்னும் அடித்துக் கேள்’ என்பர் மற்றொரு சாரார். முன்னவர் அச்சத்தால் அறிவை இழக்கின்றனர். பின்னவர் ஆசையால் அன்பை இழக்கின்றனர். இருவர் கூற்றையும் ஆராய்வோம்.

முதலில் ராசியைப் பற்றிப் பார்ப்போம். வீடு எரிவதற்குக் காரணங்கள் உண்டு. பழுதடைந்த மின்கம்பி, ஒரே துளையிற் பல கருவிகளைச் செருகியமை, கவனியாது விட்ட அடுப்பு, திரைச்சீலையின் அருகே ஏற்றிய விளக்கு என்பன போன்றவையே அவை. காரணம் நீங்கினால் காரியமும் நீங்கும். 1666-ம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. ராசியில்லையென்று அந்நகரத்தார் ஊரைவிட்டு ஓடினரா? மரத்துக்கு மாறாகச் செங்கல்லாலும் கருங்கல்லாலும் கட்டவேண்டுமென்று சட்டஞ் செய்து, அதே மண்ணில் மீண்டும் எழுப்பினர். நம் சிங்கப்பூரில் 1961-ம் ஆண்டு மே மாதம் 25-ம் நாள் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் எழுந்த பெருந்தீ நால்வர் உயிரைக் குடித்தது. ஏறத்தாழப் பதினாறாயிரம் பேரை வீடற்றவராக்கியது. அந்நிலத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகளை எழுப்பிற்று. ஆயிரக்கணக்கான மக்கள் அங்கே மணம் புரிந்தும் மகப்பெற்றும் வாழ்ந்திருக்கின்றனர். மண்ணுக்குப் பகையில்லை, சுவருக்குச் சாபமில்லை.

உயிர் மாண்ட வீடாயின் அங்கே துயர் உண்டு. அத்துயரை மதிப்பது மனிதப் பண்பு. ஆனால் துயரை மதிப்பது வேறு. தீட்டென்று அஞ்சுவது வேறு. சாந்திக்கும் பரிகாரத்திற்கும் ஆயிரக்கணக்கில் வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டு, சுவருக்குள் உருகிக் கிடக்கும் மின்கம்பியைச் சோதிக்கப் பணமில்லை என்பவர் எத்தீமையைத் தடுத்தவராவார்? ராசிக்கு அஞ்சுவோர் பெருகப் பெருக, வீட்டை இழந்தவன் பெறக்கூடிய விலையும் குறைகின்றது. ஆதலின் இம்மூடநம்பிக்கை வாங்குபவனை மட்டுமன்றி, ஏற்கெனவே நொந்தவனையும் வருத்துகின்றது.

இனி இரண்டாங் கூற்றைப் பார்ப்போம். பழைய உரோமாபுரியில் மார்க்கஸ் கிராசஸ் என்றொரு பெருஞ்செல்வன் இருந்தான். எரிந்துகொண்டிருக்கும் வீடுகளையும் அவற்றை அடுத்த வீடுகளையும் அவன் அடிமாட்டு விலைக்கு வாங்குவான்; கட்டட வேலை அறிந்த அடிமைகளை ஐந்நூற்றுக்கு மேலாகத் தன்பால் வைத்திருந்தான்; அவ்வாறே நகரின் பெரும்பகுதி அவன் கைக்கு வந்ததென்று புளூட்டார்க் என்னும் ஆசிரியர் எழுதியிருக்கின்றார். அவன் செய்த குற்றம் யாது? எரிந்த வீட்டை வாங்கியது குற்றமன்று. இடிபாட்டைச் சீர்ப்படுத்தியதும் குற்றமன்று. பிறன் கூரையில் எழுந்த தீயைத் தன் பேரத்திற்குச் சாட்டையாகக் கொண்டதே குற்றம்.

சிங்கப்பூர் அரசு 1961-ம் ஆண்டுத் தீக்குப்பின் நிலச் சட்டத்தைத் திருத்தியதன் உட்கருத்தும் இதுவே. குடிசைகள் நிறைந்த நிலத்தைவிட, குடிசைகள் நீங்கிய வெற்று நிலம் அக்காலத்தில் ஏறத்தாழ மும்மடங்கு விலை பெற்றது. அப்படியாயின், ஏழைகளின் குடிசைகள் எரிந்ததனால் நிலச் சொந்தக்காரர் செல்வராவர் அல்லவா? ஆதலின் குடிசைகள் இன்னும் இருப்பதாகவே கொண்டு விலை கொடுத்து அரசு அந்நிலத்தை எடுத்துக்கொண்டது. தீயினால் ஆதாயம் உண்டென்றால் தீ வைக்கவும் ஆள் தோன்றுவான் என்று அன்றைய பிரதமர் லீ குவான் இயூ சட்டமன்றத்தில் வாதிட்டார்.

‘அப்படியானால் குறைந்த விலைக்கு வாங்குவதே பாவமோ?’ என்று நேயர்கள் வினவலாம். அன்று. குறைந்த விலையில் இருவகை உண்டு. ஒன்று பழுதின் விலை. மற்றொன்று தவிப்பின் விலை. ஒரு வீடு நல்ல நிலையில் மூன்று லட்சம் வெள்ளி பெறுமென வைத்துக்கொள்வோம். அதைச் செப்பனிட ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும். கண்ணுக்குப் புலப்படாத பழுதுக்கும், வேலை முடியும்வரை கட்டவேண்டிய வாடகைக்கும், வாங்குபவன் படும் பாட்டுக்கும் முப்பதாயிரம் ஒதுக்குவோம். எஞ்சுவது ஒரு லட்சத்து அறுபதாயிரம். இதுவே பழுதைக் கழித்த நேரிய விலை. விற்பவன் காத்திருக்க இயலாதவன் என்றறிந்து ஒரு லட்சத்துக்கு மேல் ஒரு காசும் தாரேன் என்றால், அந்த அறுபதாயிரம் வீட்டின் பழுதுக்காகக் கழித்ததன்று; மனிதனின் தவிப்பிலிருந்து பிடுங்கியதாகும்.

‘அவனே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டானே’ என்பது இதற்குச் சொல்லும் சமாதானம். ஒருபுறம் கூரையில்லாத வீட்டிற்கு வங்கித் தவணை. மறுபுறம் குடியிருக்கும் அறைக்கு வாடகை. நடுவே பள்ளிப் புத்தகங்களையும் சான்றிதழ்களையும் இழந்த பிள்ளைகள். இந்நிலையில் இடும் கையெழுத்து எத்துணை விருப்பமுடையது என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம். சட்டம் அக்கையெழுத்தை ஏற்கும்; நெஞ்சம் ஏற்குமா?

‘நாமும் ஏழைகள்தாமே! பிறர் துயரை நாமேன் சுமக்கவேண்டும்?’ என்பது மற்றொரு வாதம். இதில் ஓரளவு நியாயமுண்டு. ஏழை பேரம் பேசலாம். தன் கையிருப்புக்கு மேல் கொடுக்க இயலாதென்று நேராகச் சொல்லலாம். கட்டுப்படியாகாவிடின் விலகிச் செல்லலாம். இவை அவனுடைய உரிமைகள். ஆனால் சுவரும் தூணும் உறுதியாயுள்ளன என்று பொறியாளர் மூலம் அறிந்துகொண்டு, விற்பவனிடம் ‘எல்லாம் இடிக்கவேண்டியவை’ என்று கூறி விலையைக் குறைப்பது ஏழைமையின் உரிமையன்று, பொய். அவ்வாறே வெந்த உத்தரத்தின்மேல் வண்ணம் பூசி மறைத்து விற்பவனும் பொய்யனே. துன்பம் வந்தோர்க்குப் பொய்யுரைக்கும் உரிமை பிறந்துவிடாது.

இலண்டன் தீக்குப்பின் அங்கே ஒரு தனி நீதிமன்றம் அமைத்தனர். எரிந்த வீட்டைக் கட்டுஞ் செலவை ஏற்பவர் உடையவரா, குடியிருப்பவரா என்னும் வழக்குகளை நீதிபதிகள் ஊதியம் பெறாது விசாரித்தனர். பழைய ஒப்பந்தத்தின் எழுத்தை மட்டும் பாராது, யார் எவ்வளவு தாங்கவல்லார் என்பதையும் நோக்கிச் சுமையைப் பங்கிட்டனர். கட்ட முன்வந்த குடிக்கு ஒப்பந்தக் காலத்தை நீட்டியும் கொடுத்தனர். நேரிய விலைக்கு இதனினும் நல்ல இலக்கணம் வேண்டுமோ? இழப்பு ஒருவன் தலையில் மட்டும் விழாதிருக்கவேண்டும்.

மூன்றாவதாக, வாங்கிய பின்னர்ச் சிக்கனம் எங்கே செய்யலாம், எங்கே செய்யலாகாது என்பது. இதிலும் அறம் உண்டு. தடித்த மர உத்தரம் மேலே கரியாகும். ஆனால் தீ அதனுள் நிமிடத்திற்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அளவே புகும். கரியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே உறுதியான மரம் எஞ்சியிருக்கக் கூடும். கான்கிரீட்டோ வெளியே நன்றாகத் தோன்றினும் உள்ளே கெட்டிருக்கலாம். ஏறத்தாழ முந்நூறு பாகை வெப்பத்தைக் கடந்தால் அது பெரும்பாலும் இளஞ்சிவப்பு நிறமுறும். அதற்குமேல் வலிமை குன்றும். எரிந்த பிளாஸ்டிக் மின்கம்பிகளின் புகை ஈரத்துடன் கூடி அமிலமாகி உலோகத்தை அரிக்கும். தீயணைக்கப் பாய்ச்சிய நீர் சுவரிலும் பலகையிலும் ஊறி நிற்கும். பழைய வீடுகளிற் கூரைத் தகடு கல்நாராயிருப்பின், உடைந்த அதன் தூசு நுரையீரலுக்குக் கேடாகும்.

ஆதலின் முதல் வெள்ளி தச்சனுக்கன்று, பொறியாளருக்கு. அதுவும் முன்பணம் கட்டுமுன்னரே. எரிந்த நிலையிலுள்ள வீட்டிற்குக் கடன் தருமா என்று வங்கியையும், கட்டட அனுமதிக்கு என்ன வேண்டுமென்று நகராண்மைக் கழகத்தையும், தீயின் காரணம் யாதென்று தீயணைப்பு மீட்புத் துறையின் அறிக்கையையும் முன்கூட்டியே அறிதல் வேண்டும். பின்னர் தூண், உத்தரம், கூரை, மின்கம்பி, நீர்க்குழாய் என்னும் வரிசையிற் செலவிடுக. பளிங்குத் தரையும் அலங்கார வாயிற்கதவும் ஐந்தாண்டு காத்திருக்கலாம். வண்ணம் பூசுதலை உறவினரும் நண்பரும் கூடி ஞாயிற்றுக்கிழமைகளிற் செய்யலாம். மின்கம்பி வேலையை உரிமம் பெற்றவரே செய்யவேண்டும்.

வரிசை வீட்டின் சுவர் இருவீட்டார்க்கும் பொது. நாம் மறைத்துவிட்ட மின்கம்பி மீண்டும் பற்றினால், அடுத்த வீட்டுக் குழந்தையும் அத்தீயில் அகப்படும். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஆடம்பரமும் தெரியாத இடத்தில் மிச்சப்பிடிப்பும் சிக்கனமாகா. பிறர் உயிரை அடகுவைத்துப் பெற்ற கடனாகும். ஒதுக்கிய பொருள் போதாதென்று தெரிந்தால் அவ்வீட்டை வாங்காதிருத்தலே அறிவு. ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்கும் பணம் முதுமையின் சோறு என்பதையும் மறத்தலாகாது.

அன்பர்களே! எரிந்த வீட்டை வாங்குவது இழிவன்று. பாழாய்க் கிடப்பதை மக்கள் வாழும் இடமாக்குவது நற்பணியே. ராசிக்கு அஞ்சவேண்டா, மின்கம்பிக்கு அஞ்சுங்கள். விலை பேசுகையில் பழுதைக் கணக்கிடுங்கள், தவிப்பைக் கணக்கிடாதீர்கள். விற்றவர் பின்னொரு நாள் அத்தெரு வழியே வர நேர்ந்தால், நீங்கள் முகம் மறைக்காது அவரை உள்ளே அழைத்து ஒரு குவளை தேநீர் கொடுக்க இயலவேண்டும். அத்தகைய விலைக்கு வாங்கிய வீடே சொந்த வீடாகும்.