கனவு காண ஆள் எங்கே?

பங்காருபேட்டைச் சந்திப்பில் மாரிக்குப்பம் வண்டிக்குக் காத்திருந்தபோது சீடன் கேட்டதும் குரு உரைத்ததும்.

சீடன்: ஐயா, அக்காவின் பெண் குழந்தை பிறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. தூளியில் தூங்கும்போதே சிரிக்கிறாள், உடனே உதட்டைப் பிதுக்கி விசும்புகிறாள். நரி வந்து மிரட்டுகிறது என்கிறார் பாட்டி. அவள் கனவு காண்கிறாளா?

குரு: வேறென்ன கண்டாய், சொல்.

சீடன்: மூடிய இமைக்குள் விழி ஓடுகிறது, விரல் துடிக்கிறது, பால் குடிப்பதுபோல் வாய் சப்புகிறது.

குரு: அந்த விழியோட்டத்தைத்தான் 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் எழுதிவைத்தார்கள். அந்த நேரத்தில் பெரியவர்களை எழுப்பினால் பெரும்பாலும் கனவைச் சொல்வார்கள். நமக்கு உறக்கத்தில் ஏறக்குறைய கால்பங்கு அப்படிப் போகிறது. பச்சைக் குழந்தைக்குப் பாதி.

சீடன்: அப்படியானால் நம்மைவிட அவளுக்குத்தானே கனவு அதிகம்?

குரு: அவசரப்படாதே, தம்பி. அடுப்பு எரிவதால் மட்டும் உலையில் அரிசி இருப்பதாக ஆகிவிடாது. டேவிட் ஃபௌக்ஸ் என்ற உளவியலாளர் பிள்ளைகளை ஆய்வுக்கூடத்தில் உறங்கவைத்து எழுப்பிக் கேட்டார். ஐந்து வயதுக்குக் கீழே பெரும்பாலோர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்ன சிலரும் அசையாத ஒரு காட்சியை, ஏதோ ஒரு விலங்கைச் சொன்னார்கள். கனவுக்குள் தானே நடமாடுவது பின்னால்தான் வருகிறது.

சீடன்: சொல்லத் தெரியாவிட்டால் இல்லை என்றாகுமா? பேச்சு வருமுன்பே பசி இருக்கிறதே.

குரு: சரியாக மறுத்தாய். பிறவியிலேயே பார்வையற்றவர்களின் கனவு ஒலியாலும் தொடுகையாலும் மணத்தாலும் ஆனது. புலன் கொண்டுவந்ததே கனவுக்கு முதல். பிறந்த சில நாட்களிலேயே சிசு தாயின் குரலைப் பிரித்தறியும் என்று 1980இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினார்கள். உன் மருமகளின் உறக்கத்தில் ஏதேனும் எழுமானால் அது தாயின் குரலாக, பாலின் வெதுவெதுப்பாக இருக்கலாம். நரியை அவள் அறியாள்.

சீடன்: அதை உள்ளே இருந்து காண்பவர் யார்?

குரு: கேட்க வேண்டியதைக் கேட்டாய். நாம் போகும் மாரிக்குப்பம் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் வேரூன்றிய தங்கவயல் மண். புத்தர் மாலுங்கியபுத்தருக்கு உரைத்ததை இங்கே நினைக்கலாம்: மல்லாந்து கிடக்கும் பச்சிளங்குழந்தைக்குத் தான் என்ற நினைப்பே கிடையாது, அதற்கான நாட்டம் மட்டும் உள்ளே கிடக்கிறது. ஆகவே உணர்வு எழலாம். என் கனவு என்று அதைப் பிடித்துக்கொள்ள ஆள் இன்னும் வரவில்லை.

சீடன்: அப்படியானால் அவள் உறக்கத்தில் பாதி அந்த விழியோட்டத்தில் போவது எதற்கு?

குரு: வளர்வதற்கு. வெளியுலகம் இன்னும் அதிகம் எட்டாத மூளை தன்னைத்தானே தூண்டி வளர்கிறது என்று 1966இல் ரோஃப்வார்க்கும் தோழர்களும் கருதினார்கள். விரல் துடிப்பதும் மூளை தன் உடலைப் பழகும் பாடம் என்று இன்றைய ஆய்வாளர் சிலர் எலிக்குட்டிகளிடம் கண்டு சொல்கிறார்கள்.

சீடன்: வீட்டில் நான் என்ன சொல்ல வேண்டும்?

குரு: சிரிக்கிறாளே என்று தூளியை விலக்கி எழுப்ப வேண்டாம் என்று சொல். விழித்திருக்கும்போது எல்லோரும் அவளிடம் பேசுங்கள், பாடுங்கள், தூக்கி அணையுங்கள். அவள் காதுபடச் சண்டை போடாதீர்கள். நாளை அவள் காணப்போகும் கனவுகளுக்கு இன்று பொருள் சேர்ப்பவர்கள் நீங்கள்தான்.