பாத்திரமும் மழையும்

திருவனந்தபுரத்தில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து தைக்காடு நடந்துபோகிற தூரம்தான். அங்கே பிரிட்டிஷ் ரெசிடென்சியில் சூப்பரின்டென்டாக இருந்த அய்யாவு சுவாமிகள் (1814–1909), தைப்பூசத்தன்று எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டார். ஒடுக்கப்பட்டோரின் தலைவரான அய்யன்காளியும் அந்தப் பந்தியில் உண்டவர். யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற வழக்கைச் சுவாமிகள் இலை போட்டே தீர்த்துவைத்தார். சாலைக் கடைத்தெருவில் காய்கறி விற்கும் எனக்கு வேறொரு வழக்கு பாக்கியிருக்கிறது. பசித்தவனுக்குப் போடும் சோற்றில், விளைவித்தவனுக்கு என்ன பங்கு?

ஒரு பள்ளிக்கூடத்தின் மதியச் சாப்பாட்டுக்குக் காய் கொடுக்கிறேன். நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் கொண்டுவரும் புடலங்காயில், நேராக வளரட்டும் என்று கல் கட்டிய நூல் நுனியில் அப்படியே தொங்கும். அவரிடம் போய், "பிள்ளைங்க சாப்பிடறதுக்குத்தானே, விலையைக் குறைச்சுக்கோங்க, புண்ணியம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்குப் பொறுக்காது. அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை வரும். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை வைத்துக்கொண்டு மதுரையில் எல்லோர் பசியையும் ஆற்றினான். அவன் தன்னை மதிக்கவில்லை என்று கோபப்பட்ட இந்திரன் மழையைப் பெய்வித்தான். நாடு விளைந்தது, பாத்திரத்தைத் தேடி யாரும் வரவில்லை. படிக்கிறவர்கள் ஆபுத்திரனுக்காக வருந்துவார்கள். நானும் வருந்துவேன். ஆனால் அந்தப் பாத்திரத்துச் சோற்றுக்கு உழவன் தேவைப்படவே இல்லை. கோபத்தில் பெய்தாலும், வயலையும் வயிற்றையும் சேர்த்தே நிரப்பியது மழைதான். கொடுக்கிறவன் மனதார அந்த மழையை வேண்ட வேண்டும் என்பதே என் கட்சி. வாங்க ஆளில்லாமல் தன் கை சும்மா இருந்தாலும் சரி.

பள்ளியும் உணவு வங்கியும் பக்கத்து விவசாயியிடமே வாங்க அரசு பணம் ஒதுக்குவதை அந்த மழையோடுதான் சேர்ப்பேன். அமெரிக்காவில் அப்படி ஒதுக்கிய பணத்தை 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். பள்ளிகளுக்கானது மட்டும் சுமார் 66 கோடி டாலர். அதை நம்பிப் பயிரிட்டவர்கள் திகைத்துப்போனார்கள். இங்கே, சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. பிள்ளையின் தட்டு அன்றைக்கே உரிமையாகிவிட்டது. புடலங்காய்க்காரரின் விலை இன்னும் யார் மனசையோ பார்த்து நிற்கிறது. காய்ப் பணம் பள்ளிக்குத் தாமதமானால், கடன் என் நோட்டில் ஏறும். என்னால் முடியாதபோது அவர் தலையில் இறங்கும்.

ஜூனில் பள்ளி திறக்கும். புடலை ஏப்ரலிலேயே பந்தலேற வேண்டும். இத்தனை கிலோ, இன்ன விலை என்று அரசு மார்ச்சிலேயே எழுதிக் கொடுத்து, முன்பணமும் புடலங்காய்க்காரர் கையில் வைக்கட்டும்.